மாமனார் பேரைச் சொன்ன ருஷ்ய மருமகள்

கென்டானி, தென்னாப்பிரிக்கா,
ஞாயிறு, மாடுகள் வீடு திரும்பும் நேரம்.

பனியையே தின்று பனியையே போர்த்தி வாழும் என் அண்ணன் மகன் லுட்வேவுக்கு, ம்பிங்கா குலத்தின் வாய்ச்சொல் வீரனும் உன் ஒரே சித்தப்பாவுமான வுயிசிலே எழுதிக்கொண்டது. இங்கே மனிதர், மாடு, கோழி அனைவரும் நலம். அங்கே உன் மூக்கு இன்னும் முகத்திலேயேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

நிற்க. கடைசிப் பரீட்சை பாக்கி என்று ருஷ்யாவிலேயே நீ உட்கார்ந்துகொண்டு, மனைவி வர்வாராவை மட்டும் முன்னால் அனுப்பிவைத்தாயே, அதன் விளைவுகளைக் கேள்.

முதலில் மொழி நிலவரம். நீ அவளுக்குக் கற்றுக்கொடுத்த நம்ம கோசா மொழி மோசமில்லை. ஆனால் நம்முடைய நாக்குச் சொடக்குகள் மூன்றையும் அவள் வாசலில் நின்று பழகினாள். மூன்றாவது சொடக்கு நாம் குதிரையை விரட்டும் அதே சத்தம் இல்லையா? பக்கத்து வீட்டுக்காரரின் குதிரை, அவர் மேலே உட்கார்ந்திருக்கும்போதே கிளம்பி, கடல் வரைக்கும் போய் ரெண்டு அலையைக் குடித்துவிட்டுத்தான் திரும்பியது. பதிலுக்கு அவள் எனக்கு ருஷ்ய மொழியில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்தாள். அடேயப்பா! நம்ம மொழியில் மெய்யெழுத்து எங்கே போனாலும் கூடவே ஒரு உயிரெழுத்து துணைக்கு நடக்கும். அவங்க மொழியிலயோ உயிரெழுத்துக்குப் பஞ்சம் வந்து, மெய்யெல்லாம் குளிருக்கு ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. அந்த வணக்கத்தை முடிப்பதற்குள் என் கீழ்ப்பல் ஒன்று ராஜினாமா செய்துவிட்டது. அங்கே மேசை ஆம்பளை, புத்தகம் பொம்பளையாம். "இதென்னம்மா கூத்து?" என்றேன். "நீங்க மட்டும் பெயர்ச்சொல்லையெல்லாம் மனுஷனுக்கு ஒரு வகுப்பு, மரத்துக்கு ஒரு வகுப்புன்னு பள்ளிக்கூடம் மாதிரி பிரிச்சு வைக்கலையா, சின்ன மாமா?" என்று திருப்பிக் கேட்டாள். வாயாடி. எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் உன் அப்பாவுக்கும் பிடிக்க வேண்டுமே! சனிக்கிழமை சடங்கு. ஆட்டிறைச்சி ஊட்டி, இந்த வீட்டுப் பேர் ஒன்று வைத்தால்தான் அவள் நம்ம வீட்டுப் பெண். இல்லாவிட்டால் பெட்டியோடு வந்த விருந்தாளி, அவ்வளவுதான். அப்படியிருக்க, செவ்வாய்க்கிழமை காலை, குலப் பெரியவர்கள் எல்லாம் முற்றத்தில் கூடியிருக்கும்போது, வர்வாரா தலையில் துணி கட்டி, தோளில் சால்வை போர்த்தி, தேநீர்த் தட்டோடு வந்து, உன் அப்பா முன்னால் மண்டியிட்டு, மணி அடித்தாற்போலச் சொன்னாள்:

"தெம்பெகிலே மபாண்ட்லோவிச், டீ எடுத்துக்குங்க."

மருமகள் வாயில் மாமனார் பேர்! அதோடு விட்டாளா? செத்துப்போன உன் தாத்தா மபாண்ட்லாவையும் இழுத்து, அவர் பேருக்கு ஒரு வால் வேற தைச்சுவிட்டிருக்கா. நம்ம வீட்டு மருமகள்கள் அந்தப் பேர்களின் சாயல் அடிக்கும் சொற்களைக்கூடத் தொடாமல் சுற்றுவழியில் பேசுகிறவர்கள்! முற்றத்தில் ஈக்கள் பறப்பதை நிறுத்தின. ஒரு பெரியவர் விட்ட புகை பாதியிலேயே பயந்து, திரும்ப அவர் வாய்க்குள் போனது. உன் அப்பா டீயைத் தொடாமல் எழுந்து நேரே மாட்டுப்பட்டிக்குள் போய்விட்டார். மருமகள் அதற்குள் கால் வைக்க முடியாதே, அந்தத் தைரியம். "சனிக்கிழமை ஆடு வெட்டற பேச்சே கிடையாது!" என்று உள்ளேயிருந்து அறிவிப்பு.

பாவம், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தூரத்தில் நின்று, "மன்னிச்சிடுங்க, தெம்பெகிலே மபாண்ட்லோவிச்!" என்று கூவினாள். காது கேக்கலியோன்னு இன்னும் சத்தமா கூவினா. மரியாதை கூடக்கூட அவமானமும் கூடிக்கிட்டே போச்சு. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனெல்லாம் உன் அப்பா பேரைக் கத்துக்கிட்டான்.

"நிறுத்தும்மா தாயே!" என்று ஓடினேன். "இங்க மருமக மாமனார் பேரைச் சொன்னா, அவர் தாடியைப் பிடிச்சு இழுத்த மாதிரி!"

"எங்க ஊர்ல பெரியவங்களை அவங்க அப்பா பேரோட சேர்த்துக் கூப்பிடலேன்னாதான் அவமானம், சின்ன மாமா. 'ஓவிச்'னா மகன்னு அர்த்தம். நான் விமானத்துல வர்ற வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன்." கண்ணீர் பொலபொல.

அடுப்படியிலிருந்து உன் அம்மா வந்தார். "அழாதே பொண்ணே. கல்யாணம் ஆனதிலேர்ந்து இந்த மனுஷனைப் பேர் சொல்லி ஒரு கூப்பாடு போடணும்னு எனக்கு எவ்வளவு ஆசை! எனக்கும் சேர்த்து நீ கத்திட்டே."

வர்வாரா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ தாத்தா பேரை இந்த வீட்டுல யாருமே வாய்விட்டுச் சொல்றதில்லையா? எங்க அப்பாவைக் கூப்பிடறவங்க எல்லாரும் தாத்தா பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவாங்க. தாத்தா இன்னும் வீட்டுக்குள்ள நடமாடற மாதிரியே இருக்கும்."

நான் மாபெரும் சொற்பொழிவு ஒன்றுக்கு வாயைத் திறந்தேன். பட்டிக்குள் ஒரு இருமல்.

"வுயிசிலே!"

"என்னண்ணே?"

"அவளை இன்னொரு தடவை சொல்லச் சொல்லு. என்னைப் பாத்து வேணாம். மாட்டைப் பாத்து."

சொன்னாள். மாடு நிமிர்ந்து பார்த்தது. உன் அப்பா முதுகைக் காட்டி நின்றவர், ஈயை விரட்டுகிற பாவனையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் வெளியே வந்து தீர்ப்புச் சொன்னார்: "என் பேரைத் தொடக் கூடாது. பின்னாடி வர்றதை மட்டும் சொல்லலாம்."

"அண்ணே, அது அப்பா பேராச்சே? அதுவும் கூடாதே!"

"வால் ஒட்டினப்புறம் அது பேர் இல்லடா. வேற பிராணி."

வர்வாரா கைதட்டினாள். "எங்க கிராமத்துல பிரியமான பெரியவங்களை இப்படித்தான், அதை மட்டும் சொல்லிக் கூப்பிடுவோம்!"

நேற்று ஆடு வெட்டியாயிற்று, இறைச்சி ஊட்டியாயிற்று. பெண்கள் போட்ட குலவையில் மேகம் கிழிந்து தூறல் விழுந்தது. நோக்கன்யோ, வெளிச்சம் கொண்டுவந்தவள், என்று பேர் வைத்திருக்கிறோம். வீடு அமைதியாக இருக்கிறது. எல்லாம் என் சாமர்த்தியம். நீ நிம்மதியாகப் பரீட்சை எழுது. முன்னோர்கள் உன் பேனாவைப் பிடித்துக்கொள்ளட்டும், உன் காதுகள் உறையாமல் இருக்கட்டும்.

அன்புள்ள சித்தப்பா,
வுயிசிலே

பி.கு.: மேலே எழுதிய அமைதியை அடித்துவிடவும். கையெழுத்துப் போடும்போது ஒரு நியாயம் தோன்றியது: எனக்கும் அதே அப்பாதானே? வர்வாராவைக் கேட்டேன். "ஆமா, நீங்களும் மபாண்ட்லோவிச்தான்" என்றாள். சற்றுமுன் அவள் டீயோடு வந்து "மபாண்ட்லோவிச்!" என்றதும், நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "என்னம்மா?" என்றோம். இருந்ததோ ஒரே கோப்பை. "மூத்தவன் நான், அது எனக்குத்தான்" என்கிறார் உன் அப்பா. நான் விடுவதாக இல்லை. எங்களுக்குள் பேச்சு வார்த்தை நின்றுவிட்டது. பரீட்சை கிடக்கட்டும். அங்கே வேறு ஏதாவது வால் இருந்தால் ஒன்று வாங்கிக்கொண்டு உடனே புறப்பட்டு வா.