ஆமாப்பா, கொக்கு

மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தும் படகில் ஏறினால் வாந்தி எடுக்கும் பாக்கியம் எங்கள் ஊரில் எனக்கு மட்டும்தான் வாய்த்தது. அதனால்தான் கடலூரில் ஒரு செல்போன் கடையில், ஆடாத தரையில் உட்கார்ந்து பிழைப்பு நடத்துகிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிவாசம் முடிந்து பிச்சாவரம் பக்கத்து எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது, அவருடைய வலது கையும் பேச்சும் கூட வரவில்லை. கை மெல்ல அசைய ஆரம்பித்தது. பேச்சு வரவே இல்லை. ஒரு குரலில் கரையையே கூட்டிய மனிதர், அம்மா பேசச் சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பயிற்சி கொடுக்க வந்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பேசணும்னு அவருக்கே தோணணும் சார். இப்படியே விட்டா வராமலே போயிடும்" என்றார்.

தண்ணீரைக் காட்டினால் தோன்றும் என்று முடிவு செய்தேன். (முடிவு செய்வதில் நான் சூரன்.) தங்கை புருஷனின் தோணியை இரவல் வாங்கி, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தோம். உப்பங்கழியில் அலை கிடையாது, ஆகவே வாந்தியும் கிடையாது. கூட வருகிறேன் என்ற தங்கை புருஷனை வேண்டாம் என்றேன். தள்ளுகிற கழியைக் கையில் கொடுத்து, "வத்தம் வர்றதுக்குள்ள திரும்பிடு மச்சான். தண்ணி எறங்கிட்டா சேறுதான்" என்றார். மீனவன் மகனுக்கே பாடமா என்று சிரித்து வைத்தேன்.

சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் பச்சையாகிவிட்டது. மேலே கிளைகள் பின்னிக் கிடந்தன. அதே கிளைகள் தண்ணீருக்குள்ளும் கிடந்தன. கழி இறங்கும் சத்தம் தூக்கத்தில் கேட்பதுபோல் கேட்டது. அப்பாவின் முகத்தில் இலை நிழல்கள் ஊர்ந்துகொண்டே இருந்தன. இப்படியே போய்க்கொண்டிருந்தால் அவருக்கு வந்த நோயே வராததாகிவிடும் என்று தோன்றியது.

அப்பா இடது கையை நீட்டி வேர்ப்பக்கம் காட்டினார். ஒரு வெள்ளைக் கொக்கு நின்றது.

"ஆமாப்பா, கொக்கு" என்றேன்.

மறுபடி காட்டினார். இன்னொன்று வந்திருந்தது. அதுவும் கொக்குதான் என்று சொன்னேன். நாற்காலிக் கையைப் படபடவென்று தட்டினார். எவ்வளவு ரசிக்கிறார் என்று பூரித்துப்போய், கழியைக் கிடத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடினேன். (அவர் காட்டியது, தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்ததால் வேர்களில் தெரிந்த ஈரத்தை.)

விழித்தபோது மரங்கள் உயர்ந்திருந்தன. உண்மையில் நாங்கள்தான் இறங்கியிருந்தோம். தோணி சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. தள்ளலாம் என்று குதித்தேன். இடுப்புவரை உள்ளே போனேன். செல்போன் கடைக்காரனின் செல்போனும் பேன்ட் பையோடு சேற்றுக்குள் போனது. தோணியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். சுற்றிலும் மீன் பொறுக்க வந்த கொக்குகளும் அப்படித்தான் நின்றன.

அப்பா கொக்குகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாய் ஒருபக்கம் கோணியது. மறுபடியும் ஏதோ வந்துவிட்டது என்று உயிரே போய்விட்டது எனக்கு.

"கொ..." என்றார். எச்சிலை விழுங்கினார். விரலை என் பக்கம் நீட்டினார். "கொக்கு."

பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். நான் சேற்றில் நின்றபடி ஓவென்று அழுதேன். தேடி வந்த தங்கை புருஷன் கயிறு கட்டி இழுப்பதற்கு முன், அவர் கூட வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் 'கொக்கு' மட்டும். அப்புறம் 'சேறு' சேர்ந்தது. அப்புறம் 'மவன்'. இப்போது, இழுத்து இழுத்துத்தான் என்றாலும், முழுதாகச் சொல்கிறார். நான் புரியாமல் எதற்காவது தலையாட்டினால் என் பெண்கூட "ஆமாப்பா, கொக்கு" என்கிறாள்.

அப்பா கதையில் சேறு என் கழுத்துவரை ஏறிவிட்டது. சமீபத்தில் ஒரு முதலையும் வருகிறது. அந்தச் சொல்லைப் பிடிக்க அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். யாராவது என் பக்கம் திரும்பி நிஜமா என்று கேட்டால், ஆமாம், பெரிய முதலை என்று சொல்லிவிடுகிறேன்.