ஏழாம் படுக்கையின் உடல்நிலை

படிக்கத் தடுமாறும் ஒரு நர்ஸ் மாணவிக்காகக் கமிட்டி போட்ட பெருமை உலகத்திலேயே புதுச்சேரிக்குத்தான் உண்டு. லண்டனும் பாரீஸும் இதை ஒப்புக்கொள்ளும் நாள் வரும். கொஞ்சம் தாமதமாகலாம்.

ஆண்டு 1984. மாணவியின் பெயர் அஞ்சலாட்சி, உழவர்கரைப் பெண். நர்சிங் பள்ளியில் இரண்டாம் வருஷம். அவள் ஊசி போட்டால் குழந்தைகூட அழாது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் மருந்துச் சீட்டை இரண்டு முறை படிப்பாள். சந்தேகம் வந்தால் கேட்பாள். இந்தக் கெட்ட பழக்கம் வார்டையே கலவரப்படுத்தி வந்தது.

பள்ளியின் தலைவி செல்வாம்பாள் மேடம் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் இந்தக் குறைக்குப் பெயர் கண்டுபிடித்தார். இங்கிலீஷில் டிஸ்லெக்சியா, பிரெஞ்சில் டிஸ்லெக்ஸி. இரண்டு பாஷையிலும் பெயர் கிடைத்ததும் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குக் கமிட்டி கூடியது. சமோசா வந்தது, தீர்மானமும் வந்தது: "வார்டுப் பயிற்சி வாரத்தில், அஞ்சலாட்சியின் காய்ச்சல் சார்ட்டுகளை முத்துமுத்தான கையெழுத்துள்ள வசந்தா எழுதித் தந்து உதவுவாள்."

பயிற்சியில் தேறினால் அஞ்சலாட்சி நர்ஸ். தேறாவிட்டால் மறுநாளே பெட்டியோடு வீடு.

உதவி என்றால் வசந்தா அரைகுறையாகச் செய்யமாட்டாள். ஏழு நாள் சார்ட்டையும் ஹாஸ்டலிலேயே எழுதி முடித்துவிட்டாள்.

"தெர்மாமீட்டர் வெக்காமயே எழுதிட்டியாடி?"

"எல்லாருமே அப்பிடித்தாண்டி எழுதறோம். நீ ஒருத்திதான் ஆள் வாயில வெச்சிக்கினு நின்னுக்கினு இருக்கிற."

ஏழாம் படுக்கையில் இருந்தவர் பெயர் பாவாடை, முதலியார்பேட்டை மில் தொழிலாளி. திங்கட்கிழமை அஞ்சலாட்சி வைத்த தெர்மாமீட்டர் நூற்று மூன்று காட்டியது. சார்ட் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு காட்டியது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பலராமன் இரண்டில் அழகானதை நம்பினார்.

"நூத்தி மூணு இருக்கு டாக்டர். தொட்டுப் பாருங்க."

"சார்ட் இருக்கும்போது எதுக்கும்மா தொடணும்?"

பாவாடை நடுங்கிக்கொண்டே கண்ணைத் திறந்தார். "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும் பாப்பா. குளிருதுன்னு நானா நெனச்சிக்கிறேன் போல."

அவ்வளவு ஒத்துழைப்பான நோயாளி. மறுநாளும் அஞ்சலாட்சி சொல்லிப் பார்த்தாள். மறுநாளும் சார்ட்டே ஜெயித்தது. புதன்கிழமை காலையில் அவர் யாருக்கும் சிரமம் தராமல் இறந்துபோனார். உடலை எடுத்துப் போனார்கள். சார்ட்டைக் கழற்ற யாருக்கும் உத்தரவு இல்லாததால் அது கட்டிலிலேயே தொங்கியது.

வெள்ளிக்கிழமை, மதிப்பெண் போட செல்வாம்பாள் மேடமும் டாக்டர் பலராமனும் வார்டுக்கு வந்தார்கள். மேடம் ஏழாம் படுக்கைச் சார்ட்டை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"பாத்தீங்களா டாக்டர்? ஒரு அடித்தல் இல்ல, திருத்தல் இல்ல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் முடிச்சி வெச்சிருக்கா! நம்ம கமிட்டியால ஒரு பொண்ணு தேறிட்டா."

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும் என்று அஞ்சலாட்சிக்குத் தெரியும். அவள் வெறும் மெத்தையைப் பார்த்தாள்.

"மேடம், அவரு செத்து ரெண்டு நாளாச்சு."

மேடம் சார்ட்டைப் பார்த்தார். "இதுல நல்லா இருக்காரே?"

"படுக்கையப் பாருங்க மேடம். டாக்டர், நீங்களாவது பாருங்க."

டாக்டர் பலராமன் சார்ட்டை வாங்கி இன்னொரு முறை படித்தார்.

கமிட்டி அங்கேயே அவசரமாகக் கூடியது. மாணவி தேறவில்லை என்று ஒருமனதாக முடிவானது. காரணத்தை மேடமே கனத்த மனதுடன் எழுதினார்: "நோயாளி நலமாக இருப்பது சார்ட்டில் தெளிவாக உள்ளது. அதைப் படிக்கத் தெரியாததால்தான், பாவம், இந்தப் பெண்ணுக்குப் படுக்கை காலியாகத் தெரிகிறது."