ராசாவுக்கு வைத்த பொட்டு

படிக்காதவன் படம் வாங்கினால், அதன் கீழே எழுதியிருப்பதை யாரிடமாவது வாசிக்கக் கொடுப்பது நல்லது. எனக்கு இது விளங்கியபோது பெண் வீட்டார் என் அறைக்குள் வந்துவிட்டார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கப்பல் குசினியில் சமையல், கரும்புத் தோட்டம் என்று அலைந்து, கடைசியில் சிட்னியில் ஒரு கார் ரயர் தொழிற்சாலையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். பரமட்டாவில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். மழை பெய்தால் கட்டிலை நகர்த்த வேண்டும், மற்றபடி குறையில்லை.

ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் தன் மகள் சாந்திக்கு மாப்பிள்ளை தேடினார். (சிட்னியில் தமிழ் மாப்பிள்ளைகளுக்குப் பஞ்சம். இல்லாவிட்டால் எட்டாம் வகுப்புக்காரனை ஏன் பார்க்க வருகிறார்?) சாந்தி ஆஸ்பத்திரித் தாதி. ஒரு பொங்கல் ஒன்றுகூடலில் அவளைப் பார்த்திருந்தேன். அதன்பிறகு வேறெதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

பெரியவர் பிரித்தானிய அரச குடும்பத்தின் பக்தர் என்று நண்பன் சொன்னான். பழைய சாமான் சந்தையில் ஒரு வண்ணப் படம் வாங்கினேன். பருத்த ராசா, மடியில் ராணி, பின்னால் ஒரு மந்திரி. (மந்திரி ராசாவின் சட்டைப் பைக்குள் கை விட்டிருந்தார். குளிராக்கும் என்று நினைத்தேன்.) சுவரில் மாட்டி, ராசாவுக்கும் ராணிக்கும் சந்தனப் பொட்டு வைத்து, செவ்வந்தி மாலையும் போட்டேன்.

சாந்தியோடு வந்த பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தருகே போனார்.

“தம்பி, இதில ராணி ஆர்?”

“மடியில இருக்கிறவா, அங்கிள்.”

“அப்ப, கதவுக்குப் பின்னால விளக்குமாறோட நிக்கிறவா?”

“வேலைக்காரியாக்கும்.”

அவர் கீழே இருந்த ஆங்கிலத்தை வாசித்தார். அரண்மனை அசிங்கங்களைக் கேலி செய்து அந்தக் காலத்து லண்டனில் அச்சடித்து விற்ற படமாம். மடியில் இருந்தவள் வைப்பாட்டி. விளக்குமாற்றோடு நின்றவள்தான் தாலி கட்டிய ராணி. மந்திரி தேடியது கஜானாச் சாவி. காணி எல்லை காட்டுவதுபோல ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, தொப்பியை எடுத்தார். என் கல்யாணமும் அவரோடு வாசல்வரை போனது.

ஆனால் கார் ஓட்டத் தெரிந்தவள் சாந்தி மட்டும்தான். அவள் எழும்பவில்லை.

“பொம்பிளையை மடியில கண்டா பெண்சாதி எண்டு நினைக்கிற மனுசன், அப்பா. இதைவிட நல்ல சேர்ட்டிபிக்கற் எங்க எடுக்கிறது?”

பெரியவர் ராசாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கட்டிலில் வைத்துவிட்டு, தேத்தண்ணி இருக்கிறதா என்று கேட்டார்.

இன்றைக்கும் புதிதாகச் சந்தித்த எவரையாவது நல்ல மனிதர் என்று நான் சொன்னால், எங்கள் மகள் சாந்தியைப் பார்ப்பாள்.

“அம்மா, அப்பா பொட்டு வைச்சிட்டார். பேர்ஸைக் கவனமா வைச்சிருங்கோ.”