தானாகப் பிடிக்கும் சுக்கான்

எனக்குத் தெரியாத விஷயங்களும் உலகத்தில் உண்டு என்பதை நான் முதன்முதலில் அறிந்தது இருபத்துமூன்றாவது வயதில். அறிந்த இடம், யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான மயிலிட்டியின் கரையில் முழங்கால் அளவு தண்ணீர். அதுவரை எல்லாம் தெரியும் என்றுதான் நடந்துகொண்டிருந்தேன். (அதற்குப் பிறகும் பல நாட்கள் அப்படித்தான் நடந்தேன். ஆனால் கொஞ்சம் மெதுவாக.)

அது எழுபதுகளின் கடைசி. நான் ரேடியோ திருத்துகிறவன். ஊரில் எந்த ரேடியோ ஊமையானாலும் என்னிடம்தான் வரும். சில திரும்பிப் போகும்போது கதைத்துக்கொண்டும் போயிருக்கின்றன. அந்த வெற்றிகளின் பலத்தில், மின்சாரம் ஓடுகிற எந்தப் பொருளும் எனக்கு உறவுமுறை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், மூன்றரைத் தொன் போட் ஒன்று வைத்து மீன்பிடித் தொழில் செய்தார். போட்டில் மூன்று பேர்: அத்தான், செல்லத்துரை அண்ணை, இன்னுமொரு இளைஞன். அந்த இளைஞன் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் பறந்ததும் வந்தது வினை. சுக்கானை ஒருவர் பிடித்தால் மற்றவர் தனியாக வலையோடு மல்லாட வேண்டும். அத்தானின் வலது தோள்மூட்டோ இருபது வருடம் சுக்கான் பிடித்துப் பிடித்துத் தேய்ந்துபோயிருந்தது. சில காலைகளில் சட்டை போடவே அக்கா உதவ வேண்டியிருந்தது.

"மூண்டாவது ஆள் கிடைக்காட்டில் போட்டை வித்துப்போட்டு நான் கரையிலை இருக்கிறன்" என்று அத்தான் ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். அக்கா அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே போனாள். கரையில் இருக்கிற அத்தானை எங்களில் எவராலும் கற்பனை செய்ய முடியவில்லை.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அத்தான், சுக்கானைத் தானாகப் பிடிக்கிற மிசின் இருக்கு. ஓட்டோ பைலட். ஒருக்கால் திசையைக் காட்டிவிட்டால் பேந்து அது பாத்துக்கொள்ளும்."

"ஆர் பாத்துக்கொள்ளும்?"

"மிசின்."

"அதுக்குக் கண் இருக்கோ?"

"உள்ளுக்கை திசைகாட்டி இருக்கு, அத்தான்." (எங்கோ ஒரு சஞ்சிகையில் படம் பார்த்திருந்தேன். என் அறிவு முழுவதும் அந்தப் படம்தான்.)

அத்தானின் தம்பி குணம் கப்பலில் எஞ்சினியர். அவருக்குக் கடிதம் போட்டோம். ஒரு மாதத்தில் பளபளக்கும் புத்தகம் ஒன்றும், கூடவே எனக்கு ஒரு துண்டுக் கடிதமும் வந்தன. "இரண்டு சாமான் இருக்கிறது. பெரியது தொழில் செய்யும் படகுகளுக்கு. சின்னதையும் பார். படகின் முழுப் பாரத்தையும் கணக்கில் எடுத்துத் தெரிவு செய். கப்பல் சிங்கப்பூரில் நாலு நாள்தான் நிற்கும். தந்தி அடி."

அந்தப் புத்தகத்தை நான் மூன்று தரம் படித்தேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். உண்மையில் படங்கள் இருந்த பக்கங்களைத்தான் மூன்று தரம் படித்தேன். பெரியது அசிங்கமாக, நெல் குத்தும் மிசின்போல இருந்தது. சின்னது அழகான வெள்ளைப் பெட்டி. அதிலிருந்து ஒரு தடி நீண்டு சுக்கானைப் பிடித்துத் தள்ளும், இழுக்கும். படத்தில் அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரி கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்தாள். கீழே எழுதியிருந்தது: மூன்றரைத் தொன் வரை.

"அத்தான்! எங்கடை போட் மூண்டரைத் தொன். இந்த மிசினும் மூண்டரைத் தொன். கடவுள் தைச்சு அனுப்பின சட்டைமாதிரி!"

செல்லத்துரை அண்ணை மெதுவாகக் கேட்டார்: "தம்பி, மூண்டரைத் தொன் எண்டு சொல்லுறது போட்டின்ரை பேரல்லோ? வலை, ஐஸ், மீன், நாங்கள், எல்லாம் ஏறினால்?"

"அண்ணை, விஞ்ஞானம் வேறை, வலை வேறை."

இந்த வசனத்துக்கு என்ன பொருள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று அது எல்லோர் வாயையும் அடைத்தது. தபாற்கந்தோருக்குப் போய்க் குணத்துக்குத் தந்தி அடித்தேன். ஒரே சொல்: சின்னது.

சின்னது தை மாதக் கடைசியில் வந்து சேர்ந்தது. பழைய லொறி பற்றரி ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டில் கட்டினேன். பின்பக்கம் சுக்கானுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெட்டியைப் பூட்டினேன். தடியையும் சுக்கானையும் ஓர் இரும்பு ஊசியால் இணைத்தேன். ஊசி இறுக்கமாக இருக்கட்டும் என்று சுத்தியலால் இரண்டு தட்டும் தட்டினேன். (அந்த இரண்டு தட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லமாட்டேன். என்னால்தான் மறக்க முடியவில்லை.)

வெள்ளோட்டம் ஒரு காலை. நல்ல பனிமூட்டம், சூரியன் எங்கே என்று தெரியவில்லை. கடல் எண்ணெய் வார்த்ததுபோலக் கிடந்தது. கரைக்கு முன்னால் நீருக்குள் பாறைத் திட்டாக நீண்டு கிடக்கும் கற்பாரைத் தாண்டியதும் அத்தான் வடக்கே முகம் வைத்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

"கையை எடுங்கோ அத்தான்."

அத்தான் கையை எடுக்கவில்லை. ஒரு விரலை எடுத்தார். பிறகு இரண்டாவது விரல். கடைசியில் முழுக்கையையும் எடுத்துக் காற்றில் வைத்துக்கொண்டு, தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோலச் சுக்கானைப் பார்த்தார். மிசின் "உர்" என்றது. தடி ஓர் அங்குலம் நீண்டது, சுருங்கியது. போட் கோடு கீறியதுபோலப் போனது.

"ஓமடாப்பா," என்றார் அத்தான். "போகுது!"

கொஞ்ச நேரத்தில் அவர் முன்பக்கம் போய், துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். இருபது வருடத்தில் போகும் வழியில் அவர் கண்ணயர்ந்தது அன்றுதான் முதல்தரம். அவருடைய குறட்டையைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. நான்தான் இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். பெட்டியின் திருகாணி ஒன்று ஆடியது. ரேடியோ திருத்தும் என் ஆயுதப் பெட்டியைக் கொண்டுவந்து ஆணியை இறுக்கினேன். அந்த ஆயுதப் பெட்டியை அங்கேயே, மிசினை ஒட்டி, சாமிக்குப் பக்கத்தில் பூசைத்தட்டு வைப்பதுபோல வைத்தேன். அதற்குள் இரும்புச் சாமான்களோடு பெரிய ரேடியோ ஸ்பீக்கர் ஒன்றின் காந்தமும் கிடந்தது. திசைகாட்டிக்குப் பக்கத்தில் காந்தம் வைத்தால் என்ன நடக்கும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அன்று நான் அதையெல்லாம் கடந்த நிலையில் இருந்தேன்.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு செல்லத்துரை அண்ணைக்கு ஓட்டோ பைலட் பற்றி விரிவுரை செய்யத் தொடங்கினேன். அவர் வலையைப் பிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று கன்னத்தைத் தடவினார்.

"தம்பி, காத்து மாறுது. முதல் இந்தக் கன்னத்திலை அடிச்சது, இப்ப மற்றக் கன்னத்திலை அடிக்குது."

"காத்து மாறும் அண்ணை. மிசின் மாறாது."

விரிவுரை தொடர்ந்தது. இன்னொரு முக்கால் மணித்தியாலம் போனபோது, பனிக்குள்ளே முன்னால் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. தென்னைகள். ஒரு கோபுரம்.

"கரை!" என்றார் செல்லத்துரை அண்ணை. அத்தான் துவாயை விலக்கிக்கொண்டு எழும்பினார்.

"என்ன கரையடா இது?"

நான் எழுந்து, இடுப்பில் கை வைத்து, நிதானமாகச் சொன்னேன். "இந்தியா."

"என்ன?"

"கோடிக்கரை, அத்தான். வடக்கை வைச்சு நேரை போனால் இந்தியாதானே வரும்?"

"ஒண்டரை மணித்தியாலத்திலையோ?"

"நேர்கோட்டிலை போனால் தூரம் குறைவு அத்தான். நீங்கள் இவ்வளவு காலமும் வளைஞ்சு வளைஞ்சு போயிருக்கிறியள்."

இருபது வருடக் கடலோடிக்கு, ரேடியோ திருத்துகிறவன் சொன்ன புத்தி இது. அத்தான் இன்னும் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். இல்லாவிட்டால் அப்போதே என்னைக் கடலில் தள்ளியிருப்பார்.

"உந்தக் கோபுரம் எங்கடை கோயில்மாதிரியெல்லோ கிடக்கு?"

"தமிழ்நாட்டிலை கோபுரத்துக்குப் பஞ்சமே, அத்தான்?"

பனி விலகியது. மணலில் கருவாடு காயப்போட்டிருந்தது. நீலச் சேலை கட்டிய ஒரு பெண், தடியை வீசிக் காகம் கலைத்துக்கொண்டிருந்தாள். செல்லத்துரை அண்ணை கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு என்னைக் கேட்டார்:

"தம்பி, அக்கா ஏன் இந்தியாவிலை காகம் கலைக்கிறா?"

அதற்குப் பதில் சொல்ல நேரமிருக்கவில்லை. முன்னால் கற்பார் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. "எஞ்சினை நிப்பாட்டு!" என்று அத்தான் கத்தினார். செல்லத்துரை அண்ணை பாய்ந்து நிறுத்தினார். ஆனால் வந்த வேகம் போட்டை இழுத்துக்கொண்டு போனது. சுக்கானைத் திருப்ப வேண்டும். சுக்கானோ மிசினின் பிடியில். ஊசியைக் கழற்ற நான் இழுத்தேன். அது அசையவில்லை. சுத்தியலைத் தேடினேன். போட் போனால் அக்காவின் வீட்டில் அடுப்பு எரியாது என்பது அந்தக் கணத்தில்தான் என் மண்டைக்குள் இறங்கியது.

அத்தான் என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அந்த நொந்த தோளையே சுக்கானில் கொடுத்து, "முருகா!" என்று ஓர் உந்து உந்தினார். தடி கரும்பு முறிவதுபோல முறிந்தது. போட் சரிந்து திரும்பியது, அடிப்பலகை பாரில் "கரகர" என்று தேய்ந்தது, பிறகு மணலில் ஏறி நின்றது. வெள்ளைப் பெட்டி தெறித்துத் தண்ணீருக்குள் விழுந்து, கடைசியாக ஒரு தரம் "உர்" என்றது.

நான் முழங்கால் தண்ணீரில் குதித்து நின்றேன். அக்கா தடியோடு ஓடிவந்தாள்.

"என்ன, போன கையோடை வந்திட்டியள்? மீன் எங்கை?"

"தங்கச்சி," என்றார் செல்லத்துரை அண்ணை, "தம்பி சொல்லுறான், இது இந்தியாவாம்."

அக்கா கோயிலைப் பார்த்தாள், கருவாட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப நான் ஆரடா?"

முதலில் சிரித்தவர் அத்தான்தான். தோளைப் பிடித்துக்கொண்டு, வலியில் முனகி முனகி, மணலில் குந்தியிருந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மிசினைத் தெரிவு செய்தது நீ. மிசின் இப்ப கடலுக்கை. நாளையிலையிருந்து நீதான் மிசின்."

அப்படியே ஆனது. ஒரு பலகை மாற்றிப் போட்டைத் திருத்தினோம். இரண்டு வருடம் நான் சுக்கான் பிடித்தேன். அத்தானின் தோள் ஆறியது, போட் விற்கப்படவில்லை. ஊர் எனக்கு 'ஓட்டோ' என்று பெயர் வைத்தது. என் கலியாணப் பத்திரிகையில் மட்டும்தான் சொந்தப் பெயர் இருந்தது. அதைப் பார்த்த சிலர், இது எந்தப் பொடியன் என்று விசாரித்தார்களாம்.

குணம் பிறகு எழுதியிருந்தார்: சின்னது உல்லாசப் படகுகளுக்கான விளையாட்டுச் சாமான், பெரியதைத்தான் எடுத்திருக்க வேண்டும் என்று. நான் அதை ஏற்கவில்லை. பெரியதை எடுத்திருந்தால் அதன் இரும்புக் கையை அத்தான் அல்ல, வீமன் வந்தாலும் முறித்திருக்க முடியாது. போட்டைக் காப்பாற்றியது என் தெரிவுதான். இதை நான் எப்போது சொன்னாலும் வீட்டில் யாராவது எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவார்கள்.

அக்காவும் அத்தானும் இப்போது கனடாவில். போன வருடம் கோயில்களுக்கென்று முதன்முதலாகத் தமிழ்நாடு போனார்கள். ஒரு காலை தொலைபேசி அடித்தது. அக்கா. பின்னால் கடல் இரையும் சத்தம்.

"ஓட்டோ, நான் கோடிக்கரையிலை நிக்கிறன். இப்ப சொல்லு பாப்பம், இது எந்த ஊர்?"

நான் யோசிக்கவே இல்லை.

"மயிலிட்டி" என்றேன்.