அருளின் முகம் சுவரில் வந்த நாள்

உயிரோடு இருக்கும் ஒருவனுக்கு இரங்கல் போஸ்டர் அடித்து, அதை ராயபுரம் முழுக்க ஒட்டி, அதைப் பார்த்துவிட்டு வந்த கூட்டத்துக்குக் கைகொடுத்து நன்றியும் சொன்ன மனிதன் அநேகமாக நான் ஒருவன்தான். இதில் எந்த எதிரியின் சதியும் இல்லை. எல்லாவற்றையும் நானே, மிக ஒழுங்காகச் செய்தேன்.

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு என் வேலை. சாயங்காலங்களில் 'ஏழாம் நம்பர் கிரேன்' என்ற ராக் பாண்டில் பேஸ் கிட்டார். (நாற்பதைத் தாண்டியவருக்கு இது தேவையா என்று மனைவி கேட்பாள். நான் வாசிப்பது தனியாகக் காதில் விழுவதே இல்லை என்பதால் விட்டுவைத்திருந்தாள்.) டிரம்ஸ், தண்டையார்பேட்டை பாஷா. பாடகன் அருள். மூவரில் நிஜமான திறமை அவனுக்கு மட்டும்தான்.

எங்கள் முதல் ஆல்பத்தின் பெயர் 'நங்கூரம்'. போட்ட இடத்திலேயே கிடந்தது. கேட்டவர்கள் எங்கள் உறவினர்கள். அவர்களும் முழுசாகக் கேட்கவில்லை. காசிமேட்டில் மீன் விற்கும் அருளின் அம்மா லூர்தம்மா, மகனிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தபா பாடிக்கோ நைனா. அதுவும் ஊத்திக்கிச்சுன்னா கம்முனு மீன்புடிக்க மாமன் லாஞ்சுல ஏறிடு." அருள் தலையாட்டினான்.

ஆக, இரண்டாவது ஆல்பமான 'உப்பு' அவனுக்குக் கடைசி வாய்ப்பு. அது அவன் பாட்டில் தெரிந்தது. ஒலிப்பதிவு முடிந்து கேட்டபோது, எதற்கும் அசராத பாஷாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமு, இது நம்ம பாண்டுதானா?" என்றான். மேடையில் ஒரு முறை ஜனங்கள் கேட்டுவிட்டால் போதும் என்று தோன்றியது. வெளியீட்டு விழாவின் விளம்பரத்தை நான் ஏற்றுக்கொண்டேன்.

முந்தைய ஆல்பத்தின் போஸ்டர் கலர் கலராக, என்ன விஷயம் என்றே புரியாமல் இருந்தது என்பது என் கருத்து. இந்த முறை தெளிவு வேண்டும். எனவே கறுப்பு வெள்ளை. நடுவில் அருளின் படம் மட்டும். மேடையில் அவன் கத்தும் படங்களை ஒதுக்கிவிட்டு, நேராகப் பார்க்கும் சாந்தமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். தகவல் முழுமையாக இருக்க வேண்டுமே என்று படத்தின் இடப்பக்கம் அவன் பிறந்த தேதி, வலப்பக்கம் ஆல்பம் வெளியாகும் தேதி. கீழே, 'ஊர்வலம் மாலை நான்கு மணிக்கு அவரது இல்லத்திலிருந்து புறப்படும்.' (அவன் வீட்டு வாசலிலிருந்து லாரியில் பாடிக்கொண்டே விழா நடக்கும் மைதானம் வரை போவது எங்கள் திட்டம்.) ஆல்பத்தின் பெயரும் பாண்டின் பெயரும் அடியில் பொடி எழுத்தில். அடக்கமாக இருக்கட்டும் என்றுதான்.

அச்சகக்காரர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"சின்ன வயசா கீதே சார்."

"ஆமாம். ஆனால் நிறையக் கஷ்டப்பட்டுவிட்டான்."

"இன்னா சார் பண்றது. நம்ம கையில இன்னா கீது?" என்றவர், 'அவரது' என்பதை அடித்து 'அன்னாரது' என்று திருத்தினார். நல்ல தமிழறிவு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு போடட்டுமா என்றார். தெளிவாக இருக்கும் என்றேன்.

வெளியீட்டு நாளன்று விடிவதற்குள் போஸ்டர்கள் சுவர் ஏறிவிட்டன. நான் லாரியும் ஸ்பீக்கரும் எடுத்துவரப் பெரம்பூர் போய்விட்டேன். முக்கியமான வேலை நாளில் போனை அணைத்துவைப்பது என் ஒழுங்கு.

அருள் வீட்டுத் தெருவுக்குள் லாரி நுழைந்தபோது எனக்குப் புல்லரித்தது. அப்படி ஒரு கூட்டம்! கையில் மாலையோடு பெண்கள், பறையடிக்கும் குழு, மணலி புதுநகரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்த சொந்தங்கள். லாரியைச் சுற்றிச் சாமந்திச் சரம் தொங்கவிட்டிருந்தேன். அதைப் பார்த்ததும் ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். இசைக்கு இத்தனை மரியாதையா என்று இறங்கி ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தேன். ஓரமாக நின்று அழுத பெண்மணியிடம், "இப்பவே அழுதால் எப்படிம்மா? இன்னும் எட்டுப் பாட்டு இருக்கே" என்றேன்.

பாஷா ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தான்.

"மாமு, லாரில ஏறி அப்டியே எகிறிடு. அருள் அம்மா உன்ன தேடிகினு கீது."

"ஏன்? கூட்டத்தைப் பார்த்தாயா?"

"கூட்டமா? எல்லாம் எழவுக்கு வந்த கூட்டம் மாமு!"

காலையில் நடந்ததை அங்கேயே சொன்னான். ஏலக்கூடத்தில் மீன் எடுத்துக்கொண்டிருந்த லூர்தம்மாவிடம் ஒரு வேன் டிரைவர், "இன்னாக்கா, வூட்ல புள்ளய வச்சிகினு நீ இங்க கீறியே?" என்று கேட்டிருக்கிறார். கூடையைப் போட்டுவிட்டு ஓடிய அந்த அம்மா, ஐஸ் ஃபேக்டரி சுவரில் மகனின் முகத்தைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்தால் அருள் கண்ணை மூடிப் படுத்திருக்கிறான், தொண்டைக்கு இதமாகத் தாடையிலிருந்து உச்சந்தலை வரை துண்டால் கட்டு. (கட்டு என் யோசனை. மேடையேறும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பதும் என் உத்தரவு.) அம்மா மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தபோது, அந்த விசுவாசி எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை என்று சைகையால் விளக்கப் பார்த்திருக்கிறான். அந்த அம்மா மயக்கமாகிவிட்டார்.

அவன் உயிரோடு இருக்கும் விஷயம் வாசலைத் தாண்டித் தெரு முழுக்கப் பரவிய பிறகும் கூட்டம் கலையவில்லை. செத்தவன் பாடப் போகிறான் என்றால் யார்தான் வீட்டுக்குப் போவார்கள்? எங்கள் பாண்டின் வாழ்நாளிலேயே அதுதான் பெரிய கூட்டம். பறைக் குழு தயாராக நின்றது. பாஷா டிரம்ஸை லாரியில் ஏற்றிவிட்டான். அருள் மட்டும் வர வேண்டும்.

லூர்தம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் அருள் நின்றான். நான் கைகூப்பினேன்.

"அம்மா, தப்பு என்னுடையது. நீங்க கொடுத்த இன்னொரு வாய்ப்பு இதுதானே. ஒரே ஒரு பாட்டு பாடட்டும்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"உன் பாட்டு நல்லா கீதா இல்லியா, எனக்குத் தெரியாது சார். எம்புள்ளய நான் செவுத்துல பாத்துட்டேன். இனிமே அவன் மூஞ்சி எந்த செவுத்துலயும் வரக்கூடாது. கடலும் வாணாம், பாட்டும் வாணாம். என் கண்ணு முன்னால இருந்தா போதும்."

அருள் என்னைப் பார்த்தான். பிறகு அம்மாவின் தோளில் கைவைத்து, "வுடு மாமு" என்றான்.

பறைக் குழு கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனது. அன்றிரவு டைரியில் 'கூட்டம் நன்று' என்பதற்கு மேல் எழுத வரவில்லை.

'உப்பு' இப்போதும் இணையத்தில் இருக்கிறது. கேட்ட சிலர், இந்தப் பாடகன் அடுத்து எப்போது பாடுவான் என்று எழுதிக் கேட்கிறார்கள். நான் பதில் போடுவதில்லை. என் வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் வாழ்த்து அடிக்க வேண்டுமென்றால் மகள் முதலில் என்னை அறையை விட்டு வெளியேற்றுகிறாள்.

அருள் அதே ஐஸ் ஃபேக்டரியில் எடை போடுகிறான். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனால், லூர்தம்மா எனக்கென்று எடுத்துவைத்த வஞ்சிரத்தை நறுக்கிக்கொண்டே, சுற்றி நிற்கும் பெண்கள் எல்லோரும் கேட்கும்படி விசாரிப்பார்: "இன்னா சார், இந்த வாரம் யாரு?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஐஸ் தூக்கிக்கொண்டு வரும் அருளும் சிரிப்பான். அவன் சிரிப்பில் இன்னும் சுருதி விலகவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடிவதில்லை.