முழங்கை விவகாரம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவர் வீட்டில் பற்றவைத்துவிட்டுப் போனவருக்கு என்ன குறை?

விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மருமகள், அதாவது என் மகள், கூடப் படிக்கும் பெண்ணின் மூக்கை முழங்கையால் இடித்து உடைத்துவிட்டாள். அந்தப் பெண் பின்னால் வந்து இவள் கண்ணைப் பொத்தினாளாம். விளையாட்டுக்காம். விளையாடுகிறவள் முன்னால் வந்து விளையாடக் கூடாதா? நான் ஜவுளிக்கடை வாசலில் பை சோதிக்கிறவன். சிரித்துக்கொண்டு வருகிறவர்களைத்தான் முதலில் நிறுத்துவேன். தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, மெல்லிய குரலில் பேசினார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் பிள்ளையிடம் எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டார். நல்லவிதமாகத்தான் என்றேன். யாரையும் நம்பாதே, ஒட்டிக்கொண்டு வருகிறவளுக்கு ஏதோ காரியம் இருக்கும், அவள் கை ஓங்குமுன் நீ முந்திக்கொள் என்று சோறு போடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை அது. அப்படி வளர்ந்தவள் கை நீட்டினாள் என்றால் வெளியாள் யாரோ கெடுத்திருக்க வேண்டும். போன விடுமுறையில் மேஜைமேல் முழங்கையை ஊன்றிக் கை மடக்கும் விளையாட்டை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? பெயர் சொல்ல விரும்பவில்லை. உங்கள் தங்கையோ, தப்பு நம்ம வீட்டிலேயேதான் இருக்கிறது என்கிறாள். அண்ணனை விட்டுக்கொடுப்பாளா?

இப்போது வகுப்பில் இவள் பக்கத்தில் உட்கார ஆளில்லை. இருந்த ஒரே தோழி அந்த மூக்குக்காரிதான். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை, மச்சான். ஆகவே இனிமேல் எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்ட வேண்டாம் என்று வருத்தத்துடன் கேட்டுக்கொள்கிறேன்.

அங்குள்ள பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும், என்னைப் பற்றி அவர்கள் நல்லவிதமாகப் பேசும் பட்சத்தில்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அந்தப் பெண்ணே மூக்கில் பிளாஸ்திரியோடு வாசலில் வந்து நின்றாள். நான் வாயே திறக்கவில்லை, சத்தியமாக. உங்கள் மருமகள்தான் கதவைப் பாதி திறந்து, அவளை ஏற இறங்கப் பார்த்து, "எதுக்கு வந்தே? யார் அனுப்பிச்சா?" என்றாள். அச்சு அசல் என் குரல். அந்தப் பெண், "சும்மா உன்னைப் பாக்கத்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். இவள் உள்ளே குப்புறப் படுத்து அழுகிறாள். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். கடிதம் கிடைத்ததும் கிளம்பி வாருங்கள். அவளை அந்தப் பெண் வீட்டுக்கு நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நான் போனால் சந்தேகப்படுவார்கள்.