அக்கரையில் கோபுரம், இக்கரையில் நான்

தண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, திருச்செங்கோட்டில் அடுத்தவன் போர்வெல் லாரியில் குழாய் தூக்கப் போனவன் நான். பிறகு சொந்தமாக ஒரு லாரி. அப்புறம் அது நாலு லாரி. தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு தோட்டங்காட்டில் நடப்பேன். அடியில் தண்ணீர் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். (எழுந்து நின்றும் தண்ணீர் வராத இடங்கள் உண்டு. அதெல்லாம் இப்போது எதற்கு?) பூமிக்கு அடியில் ஒளிந்திருந்த தண்ணீரையே கண்டுபிடித்தவன், பூமிக்கு மேலே எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற தண்ணீரில் போய் விழுந்தேன் என்றால் நம்புவீர்களா? டெக்சாஸில் விழுந்தேன்.

பேர்லேண்டில் மகள் கவிதா வீட்டில்தான் நானும் ருக்மணியும் இருக்கிறோம். ஊர் தோசைக்கல் மாதிரி தட்டை. பெய்த மழைக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியாது. அதனால் வீடுகளுக்குப் பின்னால் நீள நீளமாக வாய்க்கால் வெட்டி, இரண்டு பக்கமும் புல் முளைத்த கரை போட்டிருக்கிறார்கள். ஓடுகிறவர்களுக்கு அந்தக் கரைதான் ரோடு.

பக்கத்து வீட்டுக்காரர் யான், ஹாலந்துக்காரர். ரிட்டையர் ஆனவர், பனைமர உயரம். அவருடைய நாட்டில் கடலுக்கு அணை போட்டு, தண்ணீரை இறைத்து வெளியே தள்ளி, அந்தத் தரையில் மாடு மேய்க்கிறார்களாம். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே மட்டம், குறுக்கும் நெடுக்கும் வாய்க்கால், கரைமேல் ஜனங்கள் ஓடிக்கொண்டே இருப்பார்களாம். இங்கே வந்து இந்த வாய்க்காலைப் பார்த்ததும் மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டதாம். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஓடுவதற்கு அவர்தான் வழி போட்டுக் கொடுத்தார். தெருமுனையில் ஆரம்பித்து, கரையோடு ஐந்து மைல். கோயில் கார் பார்க்கிங்கில் முடியும். முடிந்ததும் தயிர்சாதம்.

சுகர் ஏறிப்போய், இனி ஊசிதான் என்று டாக்டர் பயமுறுத்தியதில் ருக்மணியும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தாள். ஒவ்வொரு வாரமும் பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். கவிதா கார் எடுத்துப்போய் ஏற்றிக்கொண்டு வருவாள். 'கார் ஆன்ட்டி' என்று பேரே விழுந்துவிட்டது. அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஒருநாள் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஒரே ஒருக்கா அந்தக் கோபுரத்துக்குக் கால்லயே போய்ச் சேரோணுங்க. காருல ஏறாம."

கல்யாணமானதிலிருந்து அவள் என்னிடம் நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. (கேட்பதற்கு முன்னால் நானே வாங்கிக் கொடுத்துவிடுவேன். அவளை விசாரித்தால் வேறு மாதிரி சொல்வாள், நம்பாதீர்கள்.) கேட்டது இது ஒன்றுதான். நானே கூட வந்து கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஓடுவதற்கு என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. அதனால் யானின் சைக்கிளை இரவல் வாங்கினேன். ஹாலந்து சைக்கிள், குதிரை மாதிரி நிற்கும். கையில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்கும். அதை இரண்டு தடவை செய்து காட்டினார். வழியையும் சொன்னார். முதல் பாலத்தில் வாய்க்காலைத் தாண்டக் கூடாது, இரண்டாவது பாலத்தில்தான் தாண்ட வேண்டும். தட்டையான நிலத்தில் கண்ணை நம்பாதே, பாலத்தை நம்பு என்றார். நான் "யெஸ், யெஸ்" என்றேன். (இங்கிலீஷ் புரியாமல் இல்லை. நாலு லாரி ஓட்டியவனுக்கு வழி சொல்கிறாரே என்றுதான்.)

அந்த ஞாயிறு ருக்மணி நன்றாகவே ஓடினாள். கவிதாவின் பழைய ஆரஞ்சு டீஷர்ட், அதற்குக் கீழே சுடிதார். மற்ற பெண்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் காபி பிளாஸ்க்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சைக்கிளில் ஊர்வலம் மாதிரி கூடவே போனேன். முதல் பாலம் வந்தது. அக்கரையில், இதோ தொட்டுவிடலாம் என்பது போல வெள்ளையாகக் கோபுரம். கண்ணுக்கு முன்னால் சாமி நிற்கிறது, இன்னொரு பாலத்தைத் தேடிப் போக நான் என்ன கிறுக்கனா?

"எல்லாரும் நேராத்தானுங்க போறாங்க" என்றாள் ருக்மணி.

"அவுங்களுக்கு வழி தெரியாது. நீ வா."

தாண்டினோம். அக்கரைமேல் வெகுதூரம் போனோம். கோபுரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மணிச்சத்தம்கூடக் கேட்டது. அங்கே போய்ப் பார்த்தால், பக்கவாட்டில் இன்னொரு வாய்க்கால் வந்து பெரிய வாய்க்காலில் சேர்கிறது. நாங்கள் நிற்பது மூலையில். முன்னாலும் தண்ணீர், இடது பக்கமும் தண்ணீர். முன்னால் இருக்கிற தண்ணீருக்கு அந்தப்பக்கம் கார் பார்க்கிங். மற்ற பெண்கள் தயிர்சாதத் தட்டோடு நின்று எங்களைப் பார்த்துக் கையாட்டுகிறார்கள்.

"ஏனுங்க, பாலம் எங்கீங்க?"

போனில் கவிதா கூப்பிட்டாள். அவளும் அங்கேதான் பரிமாறிக்கொண்டிருந்தாள். "அங்கேயே வெயிட் பண்ணுங்கப்பா, நான் கார் எடுத்துட்டு வரேன்" என்றாள். கார் என்ற சொல் காதில் விழுந்ததும் ருக்மணியின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அதைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி கெட்டது. முழங்கால் தண்ணிதான், நான் எறங்கிக் காட்டறேன், பின்னாலயே வா என்று சைக்கிளில் ஏறிச் சரிவில் விட்டேன். பாதி இறக்கத்தில் இரண்டு கையாலும் பிரேக்கைத் தேடினேன். யான் இரண்டு தடவை செய்து காட்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முழங்கால் தண்ணீர் நெஞ்சுவரை வந்தது. பிளாஸ்க்கை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். எதிர்க்கரையில் முதலில் "ஐயோ அங்கிள்" என்றார்கள். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமை ஒன்று, எனக்காக எழுந்து போகும் மரியாதைகூடக் காட்டவில்லை.

ருக்மணி புல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, சட்டைக் காலரைப் பற்றி என்னைக் கரையேற்றினாள். ஒரு செருப்பு சேற்றுக்குள் போனது போனதுதான்.

"அடிகிடி பட்டுதுங்களா?"

"இல்ல."

"பிளாஸ்க்கு?"

"பத்திரமா இருக்குது."

"அப்ப நீங்க பாப்பாகூட காருல வாங்க. நான் பாலத்துக்குப் போறேன்."

திரும்பி, வந்த வழியே ஓட ஆரம்பித்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மேடு பள்ளமுள்ள ஊராக இருந்தால் ஒரு திருப்பத்தில் மறைந்திருப்பாள். இங்கே மறைய இடமே இல்லை. போகப் போகச் சின்னதாகி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளியாகி, முதல் பாலத்தின்மேல் ஏறி இறங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச தூரம் ஓட்டம், கொஞ்ச தூரம் நடை. ஒரு தடவை இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றாள். உட்கார்ந்துவிடாதே தாயே என்று இங்கிருந்தே வேண்டிக்கொண்டேன். அவள் உட்காரவில்லை. மறுகரையில் புள்ளி மெல்ல மெல்லப் பெரிதாகி, முகம் வந்து, எனக்கு நேர் எதிரே பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனாள். கத்திக் கூப்பிட வாயெடுத்தேன். அவள் நிற்காமலே கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

அதற்குள் கவிதா காரை முதல் பாலத்தில் நிறுத்திவிட்டு, கரையோடு நடந்து வந்து சேர்ந்தாள். என் கோலத்தைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று நின்றாள். பிறகு, "போற வழியில ரெண்டாவது பாலத்துல அம்மாவ பிக்கப் பண்ணிக்கலாம்ப்பா" என்றாள்.

"அவள ஏத்தாத கண்ணு" என்றேன். "அவ பாலந் தாண்டட்டும். அப்புறம் போலாம்."

தாண்டினாள். நாங்கள் கார் பார்க்கிங்கில் நுழைந்தபோது ருக்மணி கோபுரத்துக்கு எதிரே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து மைலுக்குப் பதில் எத்தனை மைல் ஓடினாளோ, சாமிக்குத்தான் தெரியும். நான் சேறும் ஒற்றைச் செருப்புமாகக் காரிலிருந்து இறங்கியதும், கூட்டத்தில் ஒரு பெண் தட்டை நீட்டி, "வாங்க கார் அங்கிள்" என்றாள்.

இன்றைக்கும் அதுதான் என் பேர். ஃப்ரீவேயில் கவிதா எக்ஸிட்டைத் தவறவிட்டால் போதும், பின்சீட்டிலிருந்து பேத்தி, "தாத்தா, வேர் இஸ் த பிரிட்ஜ்?" என்று கேட்பாள். யான் சைக்கிளைத் தண்ணீரிலிருந்து தூக்கி, கழுவி எண்ணெய் போட்டு, வாய்க்காலைப் பார்த்த மாதிரி வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறார். இரவல் மட்டும் தருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பிளாஸ்க்கோடு காரில் முன்னாலேயே போய்க் கோயில் பக்கக் கரையில் நின்றுகொள்கிறேன். தட்டை நிலத்தில் கண்ணை நம்பாதே என்றார் யான். ஆரஞ்சுப் புள்ளி தெரிகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் இன்னும் கண்ணைத்தான் நம்புகிறேன்.